தம் பிள்ளை படிக்காத பள்ளிக்கூடம்

2015-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் தேதி, வட இந்தியாவிலுள்ள அலகாபாத் ஐகோர்ட்டு ஒரு விநோதமான தீர்ப்பை வழங்கிற்று. ஆசிரியர் நியமனம் பற்றிய ஒரு வழக்கில் பிறந்த தீர்ப்பு அது. உத்தரப் பிரதேச சர்க்காரின் கஜானாவிலிருந்து சம்பளமோ சலுகையோ பெறுகிற எவரும், அவர் மந்திரியாயினும் சட்டசபை அங்கத்தினராயினும் நீதிபதியாயினும் கடைநிலைச் சிப்பந்தியாயினும், தம் பிள்ளைகளைச் சர்க்கார் ஆரம்பப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்பது உத்தரவு. மீறித் தனியார் பள்ளிக்கு அனுப்பினால், அங்கே கட்டுகிற பள்ளிச் சம்பளத்துக்கு ஈடான தொகையை மாதந்தோறும் சர்க்காருக்கும் கட்ட வேண்டும். உத்தியோக உயர்வும் தள்ளிப் போகும். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சுதீர் அகர்வால். ஆறு மாதத்துக்குள் ஏற்பாடு செய்து தெரிவிக்கும்படி மாகாணத் தலைமைச் செயலாளருக்கு ஆணை பிறந்தது.

பத்தாண்டுகள் கடந்துவிட்டன. ஆணை ஏட்டோடு நின்றது.

நின்றதில் வியப்பொன்றுமில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு எழுப்பிய கேள்வி நிற்கவில்லை. பிறர் பிள்ளைக்கென்று தாம் நடத்துகிற பள்ளிக்குத் தம் பிள்ளையை அனுப்ப மறுப்பவர், குற்றம் செய்தவராவாரா?

வியாபாரிகளாகிய நமக்கு இந்தக் கேள்வி புதிதன்று. சாப்பாட்டுக் கடை முதலாளி ஒருவர் மத்தியான வேளையில் தம் கடைச் சோற்றைத் தொடாமல், அடுத்த கடைக்கு ஆள் அனுப்பி வாங்கி உண்டால், பெட்டியடியில் காசு கொடுக்க நிற்கும் வாடிக்கைக்காரர் என்ன நினைப்பார்? முதலாளி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. தம் காசில் தமக்குப் பிடித்ததை உண்கிறார். ஆயினும் பொழுது சாய்வதற்குள் செய்தி தெருவெல்லாம் பரவிவிடும். வாடிக்கைக்காரருக்காவது ஒரு வசதி உண்டு. அவரும் அடுத்த கடைக்குப் போகலாம். ஏழைவீட்டுப் பிள்ளைக்கு அடுத்த கடை ஏது?

உத்தரப் பிரதேசம் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. முற்காலத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மாடு வைத்துப் பால் கறந்தவர்களில் பலர் அந்த மாகாணத்தின் கிழக்கு ஜில்லாக்காரர்கள்தாம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே மக்கள் தொகை இருபது கோடிக்கு மிகச் சற்றே குறைவு. அன்றைய மலேசியாவைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 68 பேர். பெண்களில் 57 பேர். சர்க்காரின் ஆரம்ப, நடுத்தரப் பள்ளிகள் சுமார் 1,30,000. இவ்வளவு பெரிய கடையை நடத்துவது எளிதல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கடையின் நிலை என்ன? 1996-இல் உத்தரப் பிரதேசம், பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய ஐந்து மாகாணங்களில் ஆராய்ச்சியாளர்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பார்த்து, 1999-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முன்னறிவிப்பின்றிப் போன வேளையில், பாதிப் பள்ளிகளில் பாடம் என்பதே நடக்கவில்லை. வாத்தியார் வரவில்லை, அல்லது வந்தும் நடத்தவில்லை. கதை அத்தோடு முடியவில்லை. இமாசலத்தில் மட்டும் காட்சி வேறாயிருந்தது. அதுவும் அந்நாளில் செல்வந்த மாகாணமல்ல. மலையும் பனியுமாய்ப் பள்ளிக்கு நடப்பதே பாடு. ஆனால் தனியார் பள்ளிகள் அந்த மலைக்கிராமங்களை அதிகம் எட்டிப் பார்க்காத காலம் அது. இருப்பவன் பிள்ளையும் இல்லாதவன் பிள்ளையும் பெரும்பாலும் ஒரே சர்க்கார் பள்ளியில் உட்கார்ந்தார்கள். கிராமத்தில் ஏற்றத்தாழ்வு குறைவு, பெண்களின் ஊக்கம் அதிகம் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றிலேயே ஏற்றிவிட நாம் விரும்பவில்லை. ஆனாலும் வாத்தியார் வராவிட்டால் கேட்பதற்கு அங்கே நாக்குள்ள தகப்பன் இருந்தான்.

உத்தரப் பிரதேசத்தில் நாக்குள்ளவர்கள் முதலில் வெளியேறினார்கள். பிறகு சற்றே வசதியுள்ளவர்கள். 2016-ஆம் ஆண்டளவில் கிராமப்புறப் பிள்ளைகளிலேயே ஏறத்தாழ பாதிப்பேர் தனியார் பள்ளிகளில் இருந்தார்கள். இவர்களில் எத்தனையோ பேர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். தாய் மூக்குத்தியை அடகு வைத்துப் பள்ளிச் சம்பளம் கட்டுகிறாளென்றால், அவளைப் போய் நாம் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. பெற்றவளின் முதற்கடமை பெற்ற பிள்ளைக்கு. பள்ளியைத் திருத்துவதற்கான கருவியாகத் தன் பிள்ளையை அவள் ஒப்படைக்க வேண்டுமென்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் கலெக்டருக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்று கேட்கலாம். அவரும் தகப்பன்தானே? இது வலுவான ஆட்சேபம். இதை எளிதாகத் தள்ளிவிடுகிறவர்களோடு நாம் ஒத்துப்போகவில்லை. கலெக்டரின் மகள் யாரிடமும் உத்தியோகம் கேட்கவில்லை. தகப்பன் பதவிக்காக அவள் ஏன் இழக்க வேண்டும்? ஆனால் இதே வாதத்தைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அவள் போனால் கெட்டுப்போவாள் என்று அந்த அதிகாரி நிச்சயமாக அறிந்திருக்கிற இடத்தில்தான், அவருடைய கையெழுத்தின் பேரில், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள். கூலிக்காரத் தாய்க்குப் பள்ளியின் நிலை தெரியும், மாற்றும் சக்தி இல்லை. அதிகாரிக்குத் தெரியவும் தெரியும், சக்தியும் உண்டு. இந்த வேற்றுமைதான் நமக்குப் பெரிதாகப் படுகிறது.

சக்தி என்று நாம் சொல்வது வெறும் பேச்சல்ல. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் ஜில்லாவில் 2005-06-இல் ஒரு சோதனை நடந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனமும், பின்னாளில் 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளாதார அறிஞர்களும் சேர்ந்து 280 கிராமங்களில் நடத்தியது. கிராமந்தோறும் கல்விக் கமிட்டி ஒன்று அந்நாளில் சட்டப்படி இருந்தது. பெற்றோர் அதன் வழியாகப் பள்ளியைக் கேள்வி கேட்க இடமிருந்தது. விசாரித்துப் பார்த்ததில், பெற்றோரில் நூற்றுக்கு 92 பேர் அப்படியொரு கமிட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டதேயில்லை. வேடிக்கை என்னவென்றால், கமிட்டி அங்கத்தினர்களிலேயே கிட்டத்தட்ட நால்வரில் ஒருவருக்குத் தாம் அங்கத்தினர் என்பதே தெரியாது! சரி, தெரியப்படுத்துவோம் என்று கூட்டம் போட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்று எடுத்துச் சொன்னார்கள். பள்ளியில் எந்த மாற்றமும் நிகழவில்லை. வாத்தியாரின் வருகையும் கூடவில்லை, பிள்ளைகளின் கல்வியும் கூடவில்லை. ஏழைத் தகப்பனுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டால் போதாது. அவன் கேட்டால் பதில் சொல்லும் ஆள் வேண்டும்.

ஆனால் அதே சோதனையில், ஐகோர்ட்டுத் தீர்ப்பை முழுதும் ஏற்பவர்களுக்கு இடறலான ஒரு செய்தியும் உண்டு. சில கிராமங்களில் உள்ளூர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கக் கற்பிக்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று மாதம் நடந்த வகுப்பு. வந்த பிள்ளைகள் வாசிப்பில் நன்றாக முன்னேறினார்கள். எந்த மந்திரியின் மகனும் அங்கே வரவில்லை. அண்மை ஆண்டுகளிலும் இப்படித்தான். பிரதம் எடுக்கும் கணக்கின்படி 2018-இல் அந்த மாகாணத்துச் சர்க்கார் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார். 2024-இல் நான்கில் ஒருவருக்கு மேல். இன்னும் வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனால் கட்டடத்தையும் கழிப்பிடத்தையும் சீர்செய்து, சின்ன வகுப்புகளில் வாசிப்பையே குறியாக வைத்து உழைத்ததற்குப் பலன் இருக்கிறது. பெரியவர்களின் பிள்ளைகள் வராமலே பள்ளி திருந்தலாம். இதை மறைத்துவிட்டு வாதாடுவது தராசில் விரலை வைப்பதாகும்.

இருந்தும் நம் மனம் சமாதானமடையவில்லை. ஒரு சர்க்காரின் ஊக்கத்தில் திருந்துவது, அடுத்த சர்க்காரின் சலிப்பில் கெடாமலிருக்க என்ன பிணை? வாத்தியார்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆள் போதவில்லையென்று சொற்ப ஊதியத்தில் உள்ளூர்க்காரர்களைச் சிக்ஷா மித்ரர்கள் என்ற பெயரில் பள்ளிகளில் அமர்த்தினார்கள். பல வருஷம் கழித்து அவர்களில் ஏறத்தாழ 1,37,000 பேரை நிரந்தர ஆசிரியராக்கினார்கள். உரிய பரீட்சை தேறாதவர்கள் என்பதால் அது செல்லாதென்று 2015-இல் ஐகோர்ட்டு சொல்லிற்று. 2017 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. சட்டம் சரிதான். பிறகு அதே மனிதர்கள் மாதம் 10,000 ரூபாய்க்கு அதே வகுப்பில் நின்று அதே பாடத்தை நடத்தினார்கள். தேறாதவர் என்று கோர்ட்டே சொன்னவரிடம், அந்த உத்தரவுகளில் கையொப்பமிட்ட ஓர் அதிகாரியின் பிள்ளை ஒரு வாரமாவது படித்திருக்குமா?

2025 ஜூன் மாதத்தில் வேறோர் உத்தரவு வந்தது. ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று. கணக்கெழுதுபவர் கண்ணோட்டத்தில் நியாயமே. வாடிக்கை இல்லாத கிளைக்கடையை நாமும் மூடத்தான் செய்வோம். ஆனால் வாடிக்கை ஏன் போயிற்று என்று கேட்காமல் மூடுகிற முதலாளியை என்ன சொல்வது? பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்துக் கிளம்பிய பிறகுதான், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளியோடு சேர்ப்பதில்லை என்று ஜூலை இறுதியில் சர்க்கார் அறிவித்தது. வாய்க்கால் வரப்பில் நடந்து போகிற ஆறு வயதுக் குழந்தையைப் பற்றிய நினைவு, உத்தரவு எழுதும்போதே வந்திருக்க வேண்டியது.

ஆகவே, நீதிபதி அகர்வாலின் தீர்ப்பில் நோயறிந்தது சரி, மருந்து கடுமை என்பது நம் அபிப்பிராயம். கடைநிலைச் சிப்பந்தியையும் மந்திரியையும் ஒரே கயிற்றில் கட்டியது அநியாயம். சிப்பந்திக்குப் பள்ளியை மாற்றும் சக்தி எங்கே இருக்கிறது? அபராதமும் வேண்டியதில்லை. கல்வி இலாகாவில் மேல் அதிகாரம் வகிப்பவர்களையும், அந்த இலாகாவுக்குப் பணம் ஒதுக்க வாக்களிப்பவர்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். இவர்களுடைய பள்ளி வயதுப் பிள்ளைகளில் எத்தனை பேர் சர்க்கார் பள்ளியில், எத்தனை பேர் வெளியே என்று ஜில்லாவாரியாக ஆண்டுக்கொருமுறை பிரசுரித்தால் போதும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். 2015-இல் தலைமைச் செயலாளரிடம் கேட்ட காரியத்தைவிட இது எவ்வளவோ எளிது. ஒரு குமாஸ்தா ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்.