கண்ணும் கண்ணோட்டமும்

துப்பாக்கி உயிரைப் பறிக்கிறது. கண்ணி விடுதலையைப் பறிக்கிறது. நிழற்படக் கருவி எதைப் பறிக்கிறது? எதையும் இல்லை என்றே நாம் விடை கூறப் பழகியிருக்கிறோம். இயற்கையை நேசிப்போர் ஏந்தத்தக்க குற்றமற்ற கருவி அது என்று நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதைப் பெரிகிரின் எனப்படும் பொரி வல்லூற்றின் கூட்டருகே நின்று எண்ணிப் பார்ப்போம்.

இரையின்மீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்கும் பறவை இது. வழிப்போக்கன், அந்நியன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. ஆனால் எந்த வழிப்போக்கனும் எங்கேனும் தங்கித்தானே ஆக வேண்டும்? செங்குத்தான பாறைத் திட்டொன்றில் மண்ணைச் சற்றே குழித்து, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகளை இடுகிறது. அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம். குஞ்சுகள் பறக்க மேலும் ஆறு வாரங்கள். வானில் எவருக்கும் எட்டாத பறவை இந்தப் பத்து வாரங்கள் மட்டும் நமக்கு எட்டக்கூடியதாகிறது. கூட்டருகே படம் எடுக்க விரும்புவோர் தேடுவதும் இந்தக் காலத்தையே.

மனிதரால் இப்பறவை பட்ட பாடு கொஞ்சமன்று. 1940இல், போர்ச் செய்தி சுமக்கும் புறாக்களைக் காப்பதற்கென்று, பிரிட்டிஷ் அரசே இவற்றைக் கொல்ல ஆணையிட்டது. போருக்குப்பின் வயல்களில் தெளிக்கப்பட்ட டி.டி.டி. நஞ்சு, இரையின் வழியே தாய்ப்பறவையின் உடலில் சேர்ந்தது. முட்டை ஓடுகள் மெலிந்து போனதை டெரெக் ராட்கிளிஃப் என்ற அறிஞர் 1967இல் வெளிப்படுத்தினார். அடைகாக்க அமர்ந்த தாயின் எடையே முட்டையை நொறுக்கிய கொடுமை அது! அமெரிக்கா 1972இல் அந்நஞ்சைத் தடை செய்தது. பலரது உழைப்பால் பறவை மீண்டது. 1999இல் அந்நாட்டின் அழிவாபத்துப் பட்டியலிலிருந்தும் நீக்கப்பட்டது.

இந்த மீட்சிக்குப் பின்னால் நின்ற மக்களின் அன்பை வளர்த்ததில் நிழற்படங்களுக்கும் பங்குண்டு. பறவை முட்டைகளைத் திருடிச் சேர்ப்பது பொழுதுபோக்காக இருந்த இங்கிலாந்தில், கியர்டன் சகோதரர்கள் 1892இல் முட்டைகளோடு கூடிய ஒரு கூட்டைப் படமெடுத்தனர். கூட்டைக் கலைக்காமலே அதன் அழகைச் சேமிக்கலாம் என்று அப்படம் காட்டியது. ஆகவே கருவியைப் பழிப்பதற்கில்லை.

ஆயினும் கூட்டை நெருங்கும் மனிதனைக் கண்டு தாய்ப்பறவை எழுந்து பறந்தால், முட்டைகள் குளிர்ந்து கரு மடியலாம். பறக்கும் பருவத்தை எட்டாத குஞ்சு, அஞ்சிப் பாறையிலிருந்து குதித்துவிடலாம். அச்சேறிய படம் கூட்டின் இடத்தைத் திருடருக்குக் காட்டிக் கொடுக்கலாம். இதனாலேயே பிரிட்டனின் 1981ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டிலிருக்கும் இப்பறவைக்கு வேண்டுமென்றே தொல்லை தருவதைக் குற்றமாக்கியது. படமெடுக்க நெருங்குவோர் உரிமம் பெற வேண்டும். ஆனால் பாறையின்மேல் நடப்பதைச் சட்டம் நேரில் காண்பதில்லை. அங்கிருப்பவை பறவையும், மனிதனும், அவன் மனச்சான்றும் மட்டுமே.

சிறகை விரித்து, அலகைத் திறந்து, விழிகள் அனல் கக்க நிற்கும் வல்லூற்றின் படத்தைக் கண்டு, "என்ன கம்பீரம்!" என வியக்கிறோம். அது கம்பீரமாகத்தான் இருக்க வேண்டுமா? "என் குஞ்சுகளை விட்டு அகன்று போ" என்ற அலறலாகவும் இருக்கலாம். குளிர்ந்துகொண்டிருக்கும் முட்டைகள் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருக்கின்றன. அத்தகைய படத்துக்கு நாம் தரும் பாராட்டே அடுத்த கூட்டை நோக்கி இன்னொருவரை ஏறச் செய்கிறது. எடுத்தவர் மட்டுமல்லர், இரசித்த நாமும் அதற்குப் பொறுப்பாளிகள்.

"ஒரு கூட்டின் சிறு துன்பம் ஆயிரம் பேரின் அன்பை வளர்க்குமே" என்று சிலர் வாதிடலாம். ஆயிரம் பேர் அடையும் நன்மைக்கு விலை கொடுப்பது, சம்மதம் கேட்கப்படாத ஒரு தாயல்லவா? அவ்விலை தேவையுமில்லை. இங்கிலாந்தின் டார்பி பேராலயக் கோபுரத்தில் 2006இல் வல்லூறுகளுக்கென ஒரு மேடை அமைத்தார்கள். மறு ஆண்டிலிருந்து கேமரா வழியே உலகெங்கும் மக்கள் அக்கூட்டைக் கண்டு மகிழ்ந்தனர். கூடு வெறுமையாயிருக்கும் காலத்தில் கேமராவைப் பொருத்திவிட்டு விலகினால், பறவையும் அஞ்சாது. நம் கண்களும் ஏமாறா. தேவைப்படுவது பொறுமை ஒன்றே.

கூட்டில் தாய்ப்பறவையைக் கண்டால் அதைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் விதிக்கிறது. கைக்கு எட்டியதெல்லாம் நமக்குரியதன்று என்பதே அதன் உட்பொருள். கைக்கு வகுத்த அந்த எல்லையைக் கண்ணுக்கும் வகுப்பது தகும். வள்ளுவர் பரிவுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, அதற்குக் கண்ணோட்டம் என்றே பெயரிட்டார். பார்ப்பது கண்ணின் தொழில். பார்க்கப்படும் உயிரின் நிலையை உணர்ந்து இரங்குவதே கண்ணோட்டம்.

இன்று கைதோறும் கேமரா இருக்கிறது. விபத்தில் வீழ்ந்தவரையும், துயரத்தில் கதறுபவரையும் படமெடுக்கத் தயங்காத காலம் இது. வல்லூற்றின் கூட்டருகே கற்கும் பாடம் அங்கும் பொருந்தும். நம் வருகையால் அந்த உயிரின் அமைதி குலையுமாயின், படம் எடுக்காமல் திரும்புவதும் அன்பின் செயலே. அந்தப் படம் எவர் வீட்டுச் சுவரிலும் தொங்காது. ஆனால் பாறைத் திட்டில் முட்டைகள் வெதுவெதுப்பாக இருக்கும்.