ஆர் 53.83

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது: 6.8. சாதாரணமாக 4 அல்லது 4.5க்குள் இருக்க வேண்டும். அடுத்த வரியில் ஃப்ரீ டி4, தைராய்டே சுரப்பது. அது தடிக்கவில்லை, வரம்புக்குள் இருக்கிறது.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பதல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. மாடியில் தூங்குகிற பையனை அம்மா கீழேயிருந்து கூப்பிடுவது மாதிரி. அவன் அசையாவிட்டால் குரல் ஏறும். என் விஷயத்தில் குரல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பையன் எழுந்து வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். சப்கிளினிக்கல் என்கிறார்கள். வியாதி என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது.

*

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போடுவது என் வேலை. இந்த க்ளெய்முக்கு ஏன் பணம் வரவில்லை, என்ன குறை, எப்போது வரும். ராத்திரி முழுக்க இதே கேள்விகள். பாதி நேரம் ஹோல்டில் ஒரே பியானோ.

ஒவ்வொரு க்ளெய்மிலும் டயக்னாசிஸ் கோட் இருக்கும். தைராய்டு குறைவு, வகை குறிப்பிடவில்லை என்றால் ஈ 03.9. வெறும் களைப்புக்கும் ஒன்று உண்டு: ஆர் 53.83. கடல் தாண்டி யாரோ ஒருவரால் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனது என் திரையில் ஐந்து எழுத்தாக வந்து நிற்கும். கோட் இல்லையென்றால் டாக்டருக்குப் பணம் கிடையாது. ஆர் வரிசையில் இருப்பவை பெரும்பாலும் அறிகுறிகள். காரணம் பிடிபடும்வரை அதைப் போட்டு வைப்பார்கள்.

நான் இப்போது அந்த வரிசையில் இருக்கிறேன்.

*

கவரைப் பிரிக்கும்போது மனசு என்ன வேண்டிக்கொண்டது என்பதை எழுதிவைக்க வேண்டும். நார்மல் என்று வரக்கூடாது என்று வேண்டியது.

வீட்டில் என் களைப்புக்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. சோம்பல். மொபைல். கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும். பெரியப்பா ஒருபடி மேலே போய், இருபத்தாறு வயதில் தான் ஒரு மூட்டை நெல்லைத் தோளில் வைத்து மாடி ஏறியதைச் சொல்வார். இவர்கள் முன்னால் 6.8 ஒரு சாட்சி. ஆனால் அரைகுறைச் சாட்சி. 12 என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆரோக்கியமாக இருக்கிறாய் என்ற செய்தி ஒருவனுக்கு ஏமாற்றமாக இருக்கும் என்றால், அவன் சொன்னதை இதுவரை யாரும் நம்பவில்லை என்று அர்த்தம்.

"தைராய்டெல்லாம் பொம்பளைங்களுக்குத்தானேடா" என்றான் கூட வேலை பார்க்கும் நண்பன். அவர்களுக்குப் பல மடங்கு அதிகம், உண்மைதான். அதனாலேயே ஆண்களுக்கு யாரும் பார்ப்பதில்லை.

*

ஷிப்ட் முடிந்து கேப் இறக்கிவிடும் நேரமும் அம்மா எழுந்திருக்கும் நேரமும் ஒன்று. ஃப்ரிட்ஜ் மேல் அவளுடைய தைராய்டு மாத்திரை டப்பா. மூடியைத் திருகி உள்ளங்கையில் ஒன்றே ஒன்றைத் தட்டி எடுப்பாள். இரண்டு விழுந்தால் ஒன்றை நகத்தால் தள்ளி உள்ளே போடுவாள். ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு காபிக்கான அரை மணி நேரக் காத்திருப்பு. டிகாக்‌ஷன் இறங்கி நிற்கும், தொடமாட்டாள். காபி முந்திக்கொண்டால் மாத்திரை குடலில் சரியாகச் சேராது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்பு மாத்திரையும் இன்னும் மோசம், நாலு மணி நேரம் தள்ளித்தான்.

"ஒருநாள் மறந்துட்டா என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. ஆனா ஒருநாள் மறந்தா மறுநாளும் மறக்கும்டா."

அவள் சொன்னது மருத்துவப்படியும் சரி. உள்ளே போன டி4 பாதியாகக் குறையவே ஒரு வாரம் பிடிக்கும். மெதுவாக வருகிற, மெதுவாகப் போகிற சரக்கு. டோஸ் மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள்.

தங்கை பிறந்த பிறகு அம்மா மந்தமாகிவிட்டாள் என்று ஊரே சொன்னது. அத்தைகள் சாடைபேசினார்கள். டெஸ்ட் எடுத்தது வெகுகாலம் கழித்து, வேறு எதற்கோ ஆஸ்பத்திரி போனபோது. அந்த வருஷங்களைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் கிளறுவதில்லை.

*

1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வற்றிப்போன நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். முகவீக்கம் வற்றியது, பேச்சு தெளிந்தது. அந்தப் பெண் இன்னும் 28 ஆண்டுகள் இருந்தார். அதற்குள் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு செலவானது. இப்போதைய மாத்திரை ரசாயனக் கூடத்தில் செய்வது, ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் சனிக்கிழமை கவுச்சி தொடாத அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை.

ஹகாரு ஹஷிமோட்டோ இன்னொருவர். உடம்பே தன் தைராய்டைப் பகையாக நினைத்து அரிக்கும் நோய்க்கு அவர் பெயர்தான். 1912இல் அதை ஜெர்மன் மொழியில் எழுதி வெளியிட்டார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்து, 1934இல் டைபாய்டில் இறந்தார். அவர் கண்டது உடம்பின் எதிர்ப்புச் சக்தி செய்யும் வேலை என்று 1956இல்தான் தெரியவந்தது. இன்று எந்த லேபிலும் அதைக் காட்டும் ஆன்ட்டி டி.பி.ஓ. டெஸ்ட் என்று கேட்டால் ரத்தம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு இருப்பதால் எனக்கும் அதை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இது குடும்பத்தில் ஓடுகிற சொத்து.

*

டாக்டரம்மா அவசரப்படவில்லை. தண்ணீர் கொடுத்து முழுங்கச் சொல்லிக் கழுத்தையே பார்த்தார். நாற்காலியில் முட்டிபோட்டு, பாதம் வெளியே தொங்க நிற்கச் சொன்னார். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் துள்ளியது. தைராய்டு நன்றாகக் குறைந்தவர்களுக்கு துள்ளிய பாதம் சோம்பலாகத் திரும்புமாம். என்னுடையது டக்கென்று திரும்பிவிட்டது. அதிலும் எனக்குச் சின்ன வருத்தம்.

மலச்சிக்கல் உண்டா, குளிர் தாங்குகிறதா? ஆபீஸ் ஏசியில் எல்லோருமே ஸ்வெட்டர் போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12 மூன்றையும் எழுதினார். பிறகு கேட்டார்:

"ரத்தம் குடுத்தீங்களே தம்பி, அதுக்கு முந்தின ராத்திரி தூங்கினீங்களா?"

இல்லை. ஷிப்ட் முடிந்த கையோடு போய்க் கொடுத்தது.

டி.எஸ்.எச்.சுக்கு ஒரு கடிகாரம் உண்டு. ராத்திரியில் ஏறி, பகலில் இறங்கும். தூங்கினால் அந்த ஏற்றம் அடங்கியிருக்கும், விழித்தால் கூடும். ஆக, அந்த 6.8இல் தைராய்டின் பங்கு எவ்வளவு, என் வேலையின் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. பத்தைத் தாண்டினால் பெரும்பாலும் மாத்திரைதான் என்றார். இந்த இடைப்பட்ட அளவு கணிசமானவர்களுக்குத் தானாகவே இறங்கிவிடுவதும் உண்டு. 2017இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் அறுபத்தைந்து வயது கடந்தவர்களுக்கு இதே இடைநிலையில் மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எண் இறங்கியது, களைப்பு இறங்கவில்லை. எனக்கு அந்த வயதில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எண் வேறு, களைப்பு வேறு என்பது மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மாவுக்கு இரண்டும் ஒன்றாக இருந்தது. எனக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட். முடி கொட்டுகிறது என்று நான் விழுங்கும் பயோட்டின் மாத்திரையை அதற்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். அது தைராய்டைத் தொடாது, லேப் மெஷினைத்தான் ஏமாற்றும். முக்கியமாக, சில நாள் ராத்திரியில் தூங்கிவிட்டு வந்து கொடுக்க வேண்டும்.

டீம் லீட் அக்காவிடம் லீவு கேட்டேன்.

"காரணம்னு என்னப்பா போடட்டும்?"

ராத்திரி வேலையால் தூக்கம் கெடுவதற்கும் ஒரு கோட் இருக்கிறது. எனக்கு மனப்பாடம். "ஜி 47.26னு போடுங்கக்கா."

அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது, சிரித்தார். "அதைப் போட்டா இங்க இருக்கிற அத்தனை பேருக்கும் லீவு குடுக்கணும். காய்ச்சல்னு போட்டுடறேன்."