மேலே இருக்கும், அழிச்சிடு

அப்பா செத்துப் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் குரல் என் மடிக்கணினியில் 63 கோப்புகளாக இருந்தது. மாமல்லபுரத்தில் ஒரு கல் பட்டறையில் முப்பது வருஷம் உளி பிடித்தவர். போனில் தட்டச்சு செய்ய அவர் விரல் ஒத்துழைக்காது, அதனால் எல்லாமே குரல் செய்திதான். “பஸ் ஏறிட்டியா”, “அம்மா மாத்திரை வாங்கிட்டு வா”, “மூக்கு அரை அங்குலம் போயிடுச்சுடா, இனி ஒண்ணும் பண்ண முடியாது”. பின்னணியில் எப்போதும் கல் அறுக்கிற மிஷின் சத்தம் கேட்கும். எதிலும் தத்துவம் கிடையாது. அதனால்தான் எனக்கு அவை வேண்டியிருந்தன.

இப்போது அந்த 63-ம் இல்லை. எப்படிப் போயின என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கேள்வியே அந்த விவரத்துக்குள்தான் இருக்கிறது.

கல்லூரி புராஜெக்ட் செய்ய என் மடிக்கணினியை அக்கா மகளுக்குக் கொடுத்திருந்தேன். ஒருநாள் போன் செய்தாள். “மாமா, டிஸ்க்ல இடமே இல்ல, சாஃப்ட்வேர் ஏற மாட்டேங்குது.” நான் செங்கல்பட்டு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். “பழைய ஃபோல்டரெல்லாம் மேல இருக்கும்மா, கீழ இருக்கறத அழிச்சிடு” என்றேன். அழித்தாள்.

போனில் இது சரியான யோசனைதான். கூகுள் ஃபோட்டோஸில் ‘இடத்தைக் காலியாக்கு’ என்று அழுத்தினால், ஏற்கெனவே மேலே ஏறிய படங்களின் போன் பிரதி மட்டும் போகும், மேலே உள்ளது இருக்கும். நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அதுதான். கணினியில் ஒத்திசைவு ஃபோல்டர் வேறு சாதி. அங்கே கீழே இருப்பதும் மேலே இருப்பதும் ஒரே பொருளின் இரண்டு முகங்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இடம் மட்டும் வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது; வலது கிளிக் செய்து ‘இடத்தை விடுவி’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸில் ஒன்டிரைவுக்கு இந்த வசதி 2017-இல் வந்தது. அப்படிச் செய்தால் கோப்பின் பெயர் அதே இடத்தில் இருக்கும், பக்கத்தில் ஒரு சின்ன மேகம் முளைக்கும். அளவு 40 எம்பி என்றே காட்டும், டிஸ்கில் பிடிக்கிற இடமோ பூஜ்யம். திறந்தால் இறங்கி வரும், நெட் இருந்தால்.

நான் பயன்படுத்திய சேவையில் அழித்தவை 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அம்மா திதிக்கு முந்தின நாள் “அவர் பேசினத ஒரு தடவ போடேன்” என்று கேட்டபோது மூன்று மாதம் கடந்திருந்தது. வாட்ஸப்பில் வந்த மூலச் செய்திகள் பழைய போனோடு எப்போதோ போய்விட்டன.

அக்கா மகள் அழுதாள். “உன் தப்பு இல்லம்மா” என்றேன். சொன்னபோது அது ஆறுதல். அது உண்மையும்தானா என்று பிற்பாடு யோசித்தேன். அழுத்தியது அவள் விரல். எல்லா இடத்திலும் அழியும் என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி வந்திருக்கும். அவளும் நம்மைப் போலப் படிக்காமல் ‘சரி’ கொடுத்திருப்பாள். ஆனால் அவள் நம்பியது பெட்டியை அல்ல, மாமாவை. நானோ ஒருமுறையும் போய்ப் பார்க்காத ஓர் இடத்தைப் பற்றி, வீட்டுப் பரண் மாதிரி, ‘மேல இருக்கும்’ என்று உறுதி கொடுத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த பஸ்ஸில் எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் பொய்க்குப் பக்கத்து வீடுதான் அது.

மேலே என்கிறோமே, செத்தவர்களையும் அப்படித்தான் சொல்கிறோம். நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, சிறுசேரிப் பக்கம் போனால் தரவு மையங்களைப் பார்க்கலாம். குளிரூட்டும் எந்திரங்கள், ஜெனரேட்டர்கள், காவலாளி. தரையில்தான் நிற்கின்றன. என் கோப்பு அங்கே இருந்ததா, வேறு தேசத்தில் இருந்ததா, எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் அது இன்னொருவர் வீட்டுத் திண்ணை, அதற்கு நிபந்தனைகள் உண்டு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. இரண்டு வருஷம் தொடாத தனிநபர் கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம். செத்தவர் எப்படித் தொடுவார்?

இடத்துக்காக இருப்பதை இடிக்க வேண்டிய நெருக்கடி கணினியோடு வந்ததல்ல. அரியலூர் பக்கம் திருமழபாடியில், ராஜராஜ சோழன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் வைத்தியநாதர் கோயில் கருவறையைப் பிரித்துப் புதிதாகக் கட்டச் சொன்னான். பழைய சுவரெல்லாம் கல்வெட்டு. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், விளக்குக்கு எத்தனை ஆடு என்பது மாதிரிக் கணக்குகள். இடிக்கும் முன் அத்தனையையும் புத்தகத்தில் படியெடுத்தார்கள். புதுச் சுவரில் அவற்றைத் திரும்ப வெட்டியது அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல், சுவர் போன பின்பு, அந்தக் கொடைகளுக்கு ஆதாரமாக இருந்தது அந்தப் படிதான். அரசனே மாறிவிட்டான். அதை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள், கறையான் பார்த்தார்கள், கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்கள். கல்வெட்டை மெச்சுகிறோம். எனக்கென்னவோ அந்தப் பெயர் தெரியாத ஆளைத்தான் பிடிக்கிறது. இடம் காலியானது சுவரில். சுமை அவர் தலைக்குப் போனது. என் விஷயத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. நான் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேகப் படம் இருந்தது.

நண்பன் ஒருவன் ஆறுதலுக்குச் சாளுவன்குப்பத்தைச் சொன்னான். 2004 சுனாமி மணலை அரித்துப்போனதில் புலிக்குகைக்குப் பக்கத்துப் பாறையில் கல்வெட்டு தெரிந்தது. 2005-இல் தொல்லியல் துறை தோண்ட, முருகன் கோயில் வந்தது; பல்லவர் காலக் கருங்கல் கட்டுமானத்துக்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கோயில். “போனது எதுவும் போறதில்லடா, கடல் வச்சிருந்து குடுக்கும்” என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வந்ததை மட்டும்தானே நாம் எண்ண முடிகிறது. அந்த அலை இந்தக் கரையில் யார் யாரைக் கொண்டுபோனது என்று தெரிந்தவர்கள் முன்னால் அதைச் சொல்ல முடியுமா?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா தன் போனை நீட்டினாள். சேமிப்பிடம் நிறைந்துவிட்டது என்று வந்துகொண்டே இருக்கிறதாம். 32 ஜிபி போன். காலை வணக்கப் படங்கள், ரோஜாப்பூ வீடியோக்கள். வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே கீழே போனேன். நடுவில் 14 விநாடிக்கு ஒரு குரல் செய்தி. மிஷின் சத்தம், அப்புறம்: “கேஸ் புக் பண்ணிட்டியா? பண்ணலன்னா விடு, நான் பண்றேன்.”

அம்மா அடுப்பங்கரையிலிருந்து, “என்னடா, எல்லாத்தையும் அழிச்சிட்டியா?” என்றாள்.

“இரும்மா” என்று சொல்லிவிட்டு, பையில் பென் டிரைவைத் தேடினேன். இரண்டு கொண்டு வந்திருந்தேன்.