கடைத் தரையும் ஓர் அமானிதமே

 

பாதையில் கிடந்த முட்கிளை ஒன்றை அகற்றிப்போட்ட மனிதரின் பிழைகளை அல்லாஹுத் தஆலா பொறுத்தருளினான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். தீங்கு தருவதைப் பாதையிலிருந்து நீக்குவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதும் நமக்குத் தெரியும். தெருவில் முள்ளைக் கண்டால் குனிகிற நாம், நம் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் படிந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டு குனிந்திருக்கிறோமா?

நாம் குனியவில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பினாங்கில் நாம் நடத்திய நாசி கண்டார் கடையில் இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் வேலை பார்த்தார். "முதலாளி, அடுப்படியிலே கால் நிக்க மாட்டேங்குது" என்று இரண்டு முறை சொன்னார். "அட்டையைப் பிரிச்சுப் போடு தம்பி" என்றோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் நெருக்கிய நேரம். மீன் குழம்புச் சட்டியோடு வந்தவர், அந்த அட்டையோடு சேர்ந்தே சறுக்கி விழுந்தார். வலது கையும் தோளும் வெந்துபோயின. ஆஸ்பத்திரிச் செலவை நாமே கட்டினோம். அதைப் பெரிய தர்மமாக எண்ணிக்கொண்டிருந்தோம்.

நமக்குப் பழக்கமான ஆலிம் ஒருவர்தாம் கண்ணைத் திறந்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்னும் ஷாபிஈ சட்ட நூலில், குப்பையையும் முலாம்பழத் தோலையும் பாதையில் எறிந்து அதனால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால், எறிந்தவர் அதற்குப் பொறுப்பாளி என்று சொல்லப்பட்டிருப்பதை எடுத்துக்காட்டினார். "அது பொதுப்பாதை ஹஜ்ரத், இது நம் சொந்தக் கடையாயிற்றே" என்று வாதாடிப் பார்த்தோம். "அந்தப் பிள்ளையை அங்கே நிறுத்தியது யார்? இரண்டு முறை சொன்னதைக் கேட்டது யார்?" என்றார். அதற்குமேல் நமக்குப் பேச்சு எழவில்லை. எண்ணெய் நஜீஸ் அல்லவே என்று சமாதானம் சொல்வோரும் நம்மில் உண்டு. நஜீஸ் அல்லதான், அதற்காக எலும்பு முறியாமல் இருக்குமா?

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டமும் சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையாட்களின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்திருக்கின்றன.

இனி வேலையைப் பற்றிப் பேசுவோம். நம் கடைகளில் தரையைத் துடைக்காமல் விடுவதில்லை. நாளுக்குப் பத்துத் தடவை துடைக்கிறோம். குற்றம் துடைக்கும் முறையில் இருக்கிறது. கோழி பொரிக்கும்போதும் ரொட்டிக் கல்லில் எண்ணெய் விடும்போதும் எழுகிற புகையில் எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கின்றன. ஒரு சொட்டும் சிந்தாத இடத்திலும் அவை மெல்லிய படலமாய் இறங்குகின்றன. அதன்மேல் பச்சைத் தண்ணீரில் முக்கிய மாப்பைப் போட்டு இழுத்தால், எண்ணெய் போகாது, பரவும். அதே மாப்பை முன்கூடத்துக்குக் கொண்டுபோனால் அடுப்படி எண்ணெய் விருந்தாளியின் காலடிக்கே வந்துவிடும். சவர்க்காரத் தண்ணீரை அதிகமாக ஊற்றிவிட்டு அலசாமல் விடுவதும் ஆபத்துதான். எஞ்சிய சவர்க்காரமே வழுக்கும்.

முதலில் சோற்றுப் பருக்கை, எலும்பு, தோல் எல்லாவற்றையும் உலர்ந்தபடியே கூட்டி எடுக்க வேண்டும். சிந்திய எண்ணெயைக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். அதன்பிறகு கொழுப்பு நீக்கும் காரத் திரவத்தை, புட்டியில் எழுதியிருக்கும் அளவுப்படி வெந்நீரில் கலந்து தரையில் ஊற்றி, சில நிமிடங்கள் அப்படியே விட வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் நம்மவர்கள் பொறுப்பதில்லை! காரம் கொழுப்போடு கலந்து அதைப் பெயர்ப்பதற்கு நேரம் வேண்டாமா? ஆனால் காய்ந்துபோகவும் விடக்கூடாது. அடுத்து முரட்டுத் தூரிகையால், ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் அழுத்தித் தேய்த்து, அழுக்குத் தண்ணீரை ரப்பர்க் கட்டையால் தள்ளி வெளியேற்றி, நல்ல தண்ணீரால் அலசி, உலரவிட வேண்டும். கையுறை அவசியம். வெளுப்புத் திரவத்தையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து எழுவது நச்சுக் காற்று. பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல் தகரத்தில் சேர்த்து வையுங்கள். எண்ணெய் பிடிக்கும் தொட்டி நிரம்பினால், வெளியேற்றியது திரும்பி வரும்.

இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடையில் தரை உலர்வது எப்போது என்று கேட்பீர்கள். நாம் சுபுஹுக்கு முன், கூட்டம் ஓய்ந்த வேளையில், பாதித் தரையை நாற்காலி போட்டு அடைத்துக் கழுவினோம்; அது உலர்ந்தபின் மறுபாதி. மஞ்சள் பலகையை வைத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். தேய்க்கும் வேலை கடினமானது. பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்தவர் தலையில் அதைக் கட்டக்கூடாது. பணியாளர் மீது தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை அல்லவா? அதற்குத் தனி ஆள், தனிக் கூலி வையுங்கள். இயலாவிட்டால் முதலாளியே தூரிகையைப் பிடிக்கட்டும். ரப்பர்ச் செருப்போடு அடுப்படியில் நிற்பவருக்கு வழுக்காத அடியுள்ள காலணி வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தம்பி ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அட்டைகளெல்லாம் போயிருந்தன. அடுப்படி வாசலில் நின்று, வலது காலை மட்டும் உள்ளே வைத்துத் தரையை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகுதான் மற்றக் காலை எடுத்து வைத்தார். கல்லாவில் உட்கார்ந்து நாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.