பெயரும் காரணமும்

1913 பிப்ரவரி 15ஆம் நாள் பெர்சி லாம்பர்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு டால்பட் காரில் ஏறி, லண்டனுக்கு வெளியே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தை ஒரு மணி நேரம் விடாமல் சுற்றினார். இறங்கியபோது 103 மைலும் 1,470 கெஜமும் ஓடி முடித்திருந்தார். ஒரு மணி நேரத்தில் 100 மைலைத் தாண்டிய முதல் மனிதர் அவர்தான். சில மாதங்களுக்குள் வேறு ஆட்கள் அந்தச் சாதனையைப் பறித்துக்கொண்டார்கள். அதை மீட்க அக்டோபர் 31ஆம் நாள் மறுபடியும் காரில் உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின் டயர் வெடித்தது. வயது 32. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது என்றும், இதோடு விட்டுவிடுகிறேன் என்று மணப்பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்றும் சொல்வார்கள்.

அவரை லண்டனில் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1840இல் திறந்த பழைய இடம் அது. சவப்பெட்டியைக்கூட அவருடைய காரின் உருவத்துக்கு ஏற்ப வளைத்துச் செய்திருந்தார்களாம். கல்லில் அவர் அடக்கமான நண்பர், கண்ணியமானவர் என்று எழுதியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 100 மைல் கடந்தவர் என்றும் இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், எப்படி இறந்தார் என்பதையும் மறைக்காமல் பொறித்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதையில் ஒட்டுதல் வந்ததற்குக் காரணம் நான் மலேசியாவில் பந்திங்காரன் என்பது. புரூக்லண்ட்ஸ் என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் பந்தயத் தடம் நினைவுக்கு வராது. அது இங்கே ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். லாம்பர்ட் இறந்த அந்த 1913இல்தான், தோட்டத்தில் நட்டு வளர்த்த ரப்பர் உலகச் சந்தையில் பிரேசில் காட்டு ரப்பரை மிஞ்சியது. அதில் பெரும்பங்கு மலாயாவினுடையது. கோலாலங்காட்டிலும் கிள்ளானிலும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, பால் மரத்துக்கு மரம் ஓடிய கைகள் நம்முடையவை. வெடித்த அந்த டயரும் நம்மவர் வெட்டிய பால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உலகம் வேகத்தின்மேல் பைத்தியமாகித் திரிந்த அந்த வருடங்களில் அதன் சக்கரத்துக்கு வேண்டிய சரக்கு இந்தக் கரையிலிருந்து கப்பல் ஏறியது. ஒரு மணி நேரம் ஓட்டியவரின் பெயர் கல்லில் இருக்கிறது. வெட்டியவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

தீபாவளிக்கு முதல் நாள் அத்தையோடு தோட்டத்து இடுகாட்டுக்குப் போவது வழக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. மட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். சிமெண்டு பூசிய கல்லறைகள் கொஞ்சம். அவற்றில் தோற்றம், மறைவு என்று பெயிண்டில் எழுதியிருப்பது மழையில் கரைந்துபோயிருக்கும். மீதியெல்லாம் வெறும் மண்மேடு. சில மேடுகளின் தலைமாட்டில் பழைய பால் மங்கு ஒன்று புதைத்திருக்கும், விளக்கு வைக்க. அந்தக் காலத்தில் மரத்தில் கட்டிப் பால் பிடித்த அதே மங்குதான். அத்தை எண்ணெய் ஊற்றித் திரி போட்டுக்கொண்டே போவார். ஒவ்வொரு மேட்டருகிலும் ஒரு சொல் சொல்வார்.

"இது பெரிய தண்டலோட பொஞ்சாதி, பிரசவத்துல போனது. இது வெளிக்காட்டுல பாம்பு கடிச்ச கெழவன். இந்த ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்க, காய்ச்சல், ஒரே வாரத்துல."

பல வருடங்கள் இதை நான் காதில் வாங்காமல்தான் நடந்திருக்கிறேன். லாம்பர்ட்டின் கல்லைப் பற்றிப் படித்த பிறகுதான் அத்தை செய்வது என்னவென்று உறைத்தது. பெயர், உறவு, சாவின் காரணம் எல்லாம் அவர் வாயில் இருக்கின்றன. வேறெங்கும் இல்லை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

பந்தயக்காரர்களைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. உயிரோடு விளையாடுகிறவர்கள், பணக்கார வீட்டுப் பிள்ளைகள், போனால் போகட்டும் என்பது போல. நான் அப்படி நினைப்பதில்லை. அவர்களிடம் நாம் கற்காத ஒரு பழக்கம் இருக்கிறது. ஒருவன் செத்தால், ஏன் செத்தான் என்று அவர்கள் விடாமல் கேட்கிறார்கள்.

அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் ஊரின் கிரவுன் ஹில் கல்லறைத் தோட்டத்தில், அங்குள்ள பந்தயத் தடத்தை உண்டாக்கிய பங்காளிகளில் கார்ல் ஃபிஷரும் ஜேம்ஸ் அலிசனும் கிடக்கிறார்கள்.  1909 ஆகஸ்டில் அந்தத் தடத்தின் முதல் கார்ப் பந்தயங்கள் நடந்தபோது ஜல்லியும் தாரும் பெயர்ந்து 5 பேர் செத்தார்கள். ஓட்டுநர், கூடப் போன மெக்கானிக்குகள், வேடிக்கை பார்க்க வந்த 2 பேர். ஃபிஷரின் கூட்டம் தடத்தை இழுத்து மூடி, அந்த ஆண்டு முடிவதற்குள் 32 லட்சம் செங்கல்லைப் பாவியது. லாபக் கணக்கும் அதில் இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் தரைதான் கொன்றது என்று ஒப்புக்கொண்டு தரையை மாற்றினார்கள். செத்தவன் வேகமாகப் போனான் என்று சொல்லிக் கையைக் கழுவவில்லை.

இந்த இடத்தில்தான் என் மனம் நெடுநேரம் நிற்கிறது. பந்தயத் தடத்தில் எல்லோருமே வேகமாகத்தான் போகிறார்கள். அதனால் அங்கே வேகம் ஒரு விடை ஆகாது. அதற்கு அடுத்த கேள்விக்குப் போயே ஆகவேண்டும்: டயரா, தடுப்பா, தலைக்கவசமா, நிறுத்தியிருக்க வேண்டிய பந்தயத்தை ஓட்டினார்களா? 2014இல் ஜப்பானின் சுஸுக்காவில் மழையில் வழுக்கிய ஜூல்ஸ் பியாங்கி, இன்னொரு காரைத் தூக்க வந்த கிரேனில் மோதினார். ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அப்படிப்பட்ட தலைக்காயச் சாவுகளை வரிசையாக ஆராய்ந்து, 2018 முதல் ஓட்டுநரின் தலைக்கு மேல் ஒரு டைட்டேனிய வளையத்தைக் கட்டாயமாக்கினார்கள். அழகைக் கெடுக்கிறது என்று ஓட்டுநர்களே முணுமுணுத்தார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமான் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து, இரண்டாக முறிந்து தீப்பிடித்தது. ஏறத்தாழ 28 விநாடி நெருப்புக்குள் இருந்துவிட்டு மனிதர் தானே எழுந்து வெளியே வந்தார். கல்லறையில் கிடப்பவர்கள் அவருக்குக் கொடுத்த உயிர் அது. இதைவிடப் பெரிய படையல் எனக்குத் தெரியாது.

எங்களுக்குப் பக்கத்திலேயே சிப்பாங் இருக்கிறது. 1999 மார்ச்சில் திறந்த தடம், 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதற்கு முன் செம்பனைக் காடு. அதே வட்டாரத்தில் விமான நிலையம் வந்தபோது தெமுவான் பூர்வகுடிகள் பந்திங் பக்கம் புசுட் பாருவுக்கு வந்து குடியேறினார்கள். வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வருவதுபோல முன்னோர் புதைந்த மண்ணைப் பெயர்க்க முடியாது. சிப்பாங்கின் 11ஆம் வளைவில் 2011 அக்டோபர் 23ஆம் நாள், இரண்டாம் சுற்றில், மார்கோ சிமோன்செல்லி என்ற இத்தாலிய இளைஞர் விழுந்தார். பின்னால் வந்த இரண்டு மோட்டார் சைக்கிள்கள் மோதி, தலைக்கவசம் கழன்று, 24 வயதில் முடிந்துபோனார். பந்தயத்தை அத்தோடு ரத்து செய்தார்கள். அவருடைய ஊரான கொரியானோவில் அவருக்காகப் புகைபோக்கி வடிவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் அதிலிருந்து 58 விநாடி தீ எழும்பும், அவருடைய எண் 58 என்பதால். 2018 முதல் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் காற்றுப்பை வைத்த உடுப்பு கட்டாயம். மறு ஆண்டே தலைக்கவசத்துக்கும் தனிச் சோதனை வந்தது.

அத்தையின் மகனும் மோட்டார் சைக்கிளில்தான் போனான். வயது 22. ராத்திரி வேலை முடிந்து வந்தவன், ஒரு முச்சந்தி தாண்டி, சாலை ஓரத்தில் நின்ற லோரியின் பின்பக்கம் இடித்தான். தலைக்கவசம் போட்டிருந்தான். வேகமாகத்தான் வந்திருக்கிறான், அதையும் நான் ஒளிக்கப் போவதில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள்: இந்தக் காலத்துப் பையன்கள், கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஏறினால் கண் தெரியாது, தெருவில் பந்தயம் விடுகிற ரெம்பிட் கூட்டம். அவன் எந்தக் கூட்டத்திலும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிட்டது. மிச்சத்துக்கு, விதி இருந்தது. மற்ற அத்தனை மேட்டுக்கும் காரணம் சொல்கிற அத்தை, மகனுடைய கல்லறைக்கு வந்தால் மட்டும், "அவன் விதி அம்புட்டுத்தான்" என்று திரியைத் தூண்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

விதி என்று சொல்லித் தாங்கிக்கொள்கிற தாயிடம் போய் வாதம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அந்த நம்பிக்கை அவரை நடமாட வைக்கிறது. என் சண்டை அவரோடு இல்லை. அவருடைய ஆறுதலை எடுத்து நம் சாக்காக வைத்துக்கொள்கிற நம்மோடுதான். மலேசியச் சாலைகளில் 2023இல் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தலைக்கவசம் 1973 முதல் சட்டம். அதற்கப்புறம் என்ன கேள்வி கேட்டோம்? ஒவ்வொருவருக்கும் விதியும் வேகமும் போதுமென்றால் எந்தச் சாலையும் எந்நாளும் மாறப்போவதில்லை.

லாம்பர்ட் இருக்கிற அதே பிராம்ப்டனில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவரும் இருக்கிறார். 1854இல் லண்டனில் காலரா அள்ளிக்கொண்டு போனபோது, செத்தவர்கள் எந்த வீட்டுக்காரர்கள், எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு அடிகுழாயைக் காட்டியவர். நம் பக்கத்திலும் அப்படி ஒருவர் உண்டு. 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன், மலேரியாவில் ஆட்கள் சாவது கொசு பெருகும் தேங்குநீரினால் என்று சதுப்பை வடியவைத்தார், சாவு குறைந்தது. அத்தை காட்டும் அந்த இரண்டு பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றி நினைக்கும்போது வாட்சனின் வாய்க்கால் நினைவுக்கு வரும். காரணத்தைக் கேட்டவர்கள் வந்த இடத்தில் மேடுகள் குறைந்தன.

இன்னொரு கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிம் கிளார்க் இரண்டு முறை உலகச் சாம்பியன். 1968 ஏப்ரல் 7ஆம் நாள் ஜெர்மனியின் ஹொக்கன்ஹைமில், லாம்பர்ட்டைப் போலவே 32 வயதில், பின் டயரில் காற்று இறங்கியதால் என்று கருதப்படும் விபத்தில் மரங்களுக்குள் பாய்ந்து இறந்தார். ஸ்காட்லாந்தில் சர்ன்சைட் என்ற சிற்றூர்க் கல்லறையில் அவருடைய கல்லில் விவசாயி என்பதுதான் முதலில் வருகிறது. உலகச் சாம்பியன் என்பது அதற்கு அப்புறம். புகழைக் காட்டிலும் அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பெரிதாக நினைத்தவர்கள் எழுதிய கல் அது. எங்கள் மேடுகளுக்கு அப்படி ஒரு வரி எழுதினால் பால்வெட்டுக்காரர், களையெடுத்தவர், தண்டல், ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர் என்று எழுதலாம்.

இப்போது அத்தை சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். மேடு இருக்கும் இடம், ஆள், வேலை, சாவின் காரணம். மகனுடைய முறை வந்தபோது நான் பேனாவை மூடிவிட்டேன். அத்தைதான், "எழுதிக்க" என்றார். முச்சந்தி விளக்கு பல நாளாக எரியவில்லை. லோரிக்குப் பின்விளக்கும் இல்லை, முக்கோணமும் வைக்கவில்லை. பையன் சாப்பிடாமல் வந்துகொண்டிருந்தான், அதனால் அவசரம். எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது, இத்தனை வருடமும். கேட்க ஆள் இல்லை.

அந்த நோட்டைக் கோயில் கமிட்டியிடம் கொடுத்து, இடுகாட்டு வாசலில் ஒரு பலகை வைக்கலாமா என்று கேட்டேன். பெயர் போடலாம், வருடம் போடலாம், எப்படிச் செத்தார்கள் என்பது மட்டும் வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு மனக்கஷ்டம் என்றார் ஒரு பெரியவர். அவர் சொல்வதிலும் அன்பு இருக்கிறது. நான் மறுபடியும் கேட்டுப் போவேன். முச்சந்தி விளக்கைப் பற்றிய கடிதத்தைத் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் விளக்குக் கம்பத்தின் எண்ணோடு அத்தை மகனின் பெயரும் இருக்கிறது.