பிள்ளையைக் கட்டியிருப்பது எது?

பெரம்பலூர் அருகே உள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் வழக்கமாகத் திறக்கும். அந்தக் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. ஆதியில் அங்கே இருந்தவள் செல்லியம்மன். வரம் வாங்கிய மந்திரவாதி ஒருவன் அவளையே மந்திரத்தால் கட்டி, தன் கெட்ட காரியங்களுக்கெல்லாம் ஏவினான். மதுரையை எரித்த சினத்தோடு வந்த காளி, செல்லியம்மனிடம் ஓரிரவு தங்க இடம் கேட்டாள், அந்த மந்திரவாதியைச் சங்கரித்தாள். செல்லியம்மன் தன் இடத்தைக் காளிக்குக் கொடுத்துவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். இன்றும் முதல் தீபாராதனை மலையிலிருக்கும் அவளுக்குத்தான்.

ஏவல் செய்த தெய்வத்தை இந்த ஊர் தள்ளிவைக்கவில்லை. அவள் செய்தது வேறு, அவளைச் செய்ய வைத்தது வேறு என்று பிரித்துப் பார்த்தது.

இந்தப் பெருந்தன்மை தத்துப்பிள்ளைக்கு எளிதில் கிடைப்பதில்லை. சொந்தப் பிள்ளை கடித்தால் சேட்டை. எடுத்து வளர்க்கும் பிள்ளை கடித்தால் குணம். "விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா?" என்று திண்ணையில் ஒருவர் ஆரம்பிப்பார். "எந்த வயித்துல பொறந்ததோ" என்று இன்னொருவர் முடித்துவைப்பார். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்ற கேலியை நம் வீடுகளில் எல்லாக் குழந்தைகளும் கேட்டுத்தான் வளர்கின்றன. அது உண்மையாகிப்போன வீட்டில் அதே சொல் எப்படி விழும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

தத்து என்பது இந்தப் பக்கத்துக்குத் தொலைவான சங்கதியும் இல்லை. பெற்றோர் விட்டுச்செல்லும் குழந்தைகளை அரசு ஏற்றுத் தத்துக்கொடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெண் குழந்தைகளின் விகிதம் சரிந்திருப்பது தெரிந்தபின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கும் வந்தது.

பிள்ளையின் நடத்தை பிடிபடாதபோது பெற்றோர் கோயிலுக்கும் போகிறார்கள், குறியும் கேட்கிறார்கள், கயிறும் மந்திரிக்கிறார்கள். அதில் தவறு காண வேண்டியதில்லை. சிக்கல், 'போன பிறவி வினை' என்ற பதிலோடு தேடல் நின்றுபோகும்போதுதான். காய்ச்சலுக்கு யாரும் வினை என்று சொல்லி மாத்திரையை நிறுத்துவதில்லை. நடத்தைக்கு மட்டும் ஏன்? சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அதில் பசு என்பது உயிர். பாசம் அதைப் பிணித்திருப்பது. கட்டு வேறு, கட்டுண்ட உயிர் வேறு. குழந்தை மருத்துவத்துக்கு இதை முழுக்கப் பொருத்திவிட முடியாதுதான். ஆனால் 'கெட்ட பிள்ளை' என்று சொல்ல வாய் எடுப்பவரை நிறுத்த இந்த அளவு போதும்.

கட்டு எங்கே விழுகிறது என்பதற்கு ருமேனியாவில் ஓர் ஆதாரம் கிடைத்தது. 1989-இல் சௌசெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது, அந்நாட்டு அனாதை இல்லங்களில் தூக்கிக் கொஞ்ச ஆளின்றித் தொட்டில்களிலேயே கிடந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தத்துப்போன, பெரும்பாலும் அத்தகைய இல்லங்களில் இருந்த 165 பேரை மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. ஆறு மாதத்துக்குள் இல்லத்தை விட்டு வந்தவர்கள் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே தேறினார்கள். அதைவிட அதிகக் காலம் கிடந்தவர்களில் பலருக்கு, நல்ல வீடு வாய்த்த பிறகும், கவனம் நிலைக்காமை இருந்தது. முன்பின் தெரியாதவரோடும் தயங்காமல் போய்விடும் பழக்கம் இருந்தது. ஆட்டிசம் போலத் தோன்றிய நடத்தையும் சிலரிடம் இருந்தது. வளர்த்தவர்களின் அன்பில் குறையில்லை. ஒரே நாட்டுப் பிள்ளைகளை ஆறு மாதக் கணக்கு இப்படிப் பிரிக்கிறது என்றால், குற்றத்தை ரத்தத்தின் மேல் எப்படிப் போடுவது?

அதற்காக, தத்துப்பிள்ளையின் எல்லாச் சிரமத்துக்கும் பிஞ்சுக்காலப் புறக்கணிப்பே காரணம் என்று முத்திரை குத்துவதும் பிழை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். துறுதுறுவென்று அலைவது கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறாக இருக்கலாம், சரியான தூக்கம் இல்லாததாகவும் இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். வெளியே தெரிவது ஒன்று; வேர் நாலைந்து.

பெயரைத் தவறாக வைத்தால் என்ன ஆகும்? 2000-இல் அமெரிக்காவின் கொலராடோவில், தத்தெடுக்கப்பட்ட 10 வயதுச் சிறுமி ஒருத்திக்குப் 'பிணைப்புக் கோளாறு' என்று சொல்லி, 'மறுபிறப்பு' கொடுக்கிறோம் என்று துணியில் சுருட்டி அமுக்கினார்கள். மூச்சுத் திணறி இறந்துபோனாள். நடத்திய இருவருக்கும் 16 ஆண்டு சிறை. மறு ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று நம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அங்கே சிகிச்சை என்ற பெயர், இங்கே நம்பிக்கை என்ற பெயர். அந்த ஏர்வாடியில்தான் பிறகு பிரார்த்தனையோடு மருந்தும் சேரும் அரசு ஏற்பாடு வந்தது.

தத்தெடுக்கும்போது குழந்தையின் ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் பெற்றோர் கைக்கு வரும். பீரோவில் பூட்டிவைக்கும் காகிதம் அல்ல அது. எத்தனை மாதம் இல்லத்தில் இருந்தது, பிறக்கும்போது எடை என்ன என்பது மருத்துவருக்கு வேண்டும். தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசாரிக்க வருவார்கள். அவர்களிடம் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று மறைக்க வேண்டாம். முதலில் காது, கண் பரிசோதனை. பிறகு குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர். முதல் பெயர் பொருந்தவில்லை என்றால் இன்னொருவரிடமும் கேட்கலாம்.

திங்களும் வெள்ளியும் மாவிளக்குப் போடட்டும். சிறுவாச்சூரிலிருந்து பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கு மற்ற நாட்களிலும் பேருந்து உண்டு.