மூலம் எரிந்த பிறகு

1993 ஜூலையில் தெற்கு லண்டனின் ஹெண்டர்சன்ஸ் ஃபிலிம் லேபரட்டரீஸ் தீப்பிடித்தது. உள்ளே இருந்த சுருள்களில் சத்யஜித் ராயின் பல படங்களின் மூல நெகட்டிவ்களும் அடக்கம். ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ மூன்றும் அதில் சிக்கின. முந்தைய ஆண்டுதான் ராய் கொல்கத்தா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே ஆஸ்கர் கௌரவ விருதை ஏற்றுக்கொண்டார். சில வாரங்களில் மறைந்தும் போனார். உலகம் கொண்டாடும் இயக்குநரின் படங்களுக்கு ஒழுங்கான பிரதிகள்கூட இல்லை என்பது அந்த விருதையொட்டித்தான் அமெரிக்காவில் பலருக்கும் உறைத்தது. சீரமைப்பதற்காகவே நெகட்டிவ்கள் லண்டனுக்குப் போயிருந்தன. காப்பாற்ற அனுப்பிய இடத்தில் கருகின.

மிஞ்சியதை ஆஸ்கர் வழங்கும் அகாதெமியின் ஃபிலிம் காப்பகம் பெற்று, பெட்டியிலிட்டுப் பூட்டி வைத்தது. ஓரம் கருகி, சுருங்கி, தொட்டால் உடையும் சுருள்கள். எந்த இயந்திரத்திலும் ஓட்ட முடியாதவை. சுமார் 20 ஆண்டுகள் அப்படியே கிடந்தன. பிறகு படங்களை வட்டுகளாக வெளியிடும் க்ரைட்டீரியன் நிறுவனம் இந்த வேலையைக் கையிலெடுக்க, சுருள்கள் இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள ‘லிம்மாஜினே ரித்ரொவாத்தா’ என்ற சீரமைப்புக்கூடத்துக்குச் சென்றன. காய்ந்துபோன ஃபிலிமுக்கு ரசாயனக் கரைசலால் ஈரப்பதம் ஏற்றினார்கள். உருகி ஒட்டிய பசையையும் டேப்பையும் சுரண்டி எடுத்தார்கள். பற்சக்கரம் பிடிக்கும் ஓரத் துளைகளைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். கைவேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம். 2015 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மூன்று படங்களும் திரையேறின. நவம்பரில் ப்ளூ-ரே பெட்டியாகக் கடைக்கு வந்தன.

‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும் ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் எரிந்த மூல நெகட்டிவிலிருந்து நேரடியாக மீட்கப்பட்டவை. மீதி, வெவ்வேறு நாடுகளின் காப்பகங்களில் இருந்த பிரதிகளிலிருந்து எடுத்து இணைத்தது. ‘அபுர் சன்சார்’ நிலைமை இன்னும் மோசம். தப்பியவை இரண்டே சுருள்கள், அவையும் உதவவில்லை. முழுப் படமும் பிரதிகளிலிருந்தே உருவானது.

அப்படியானால் 2015இல் திரையேறிய ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வெளியான அதே படமா?

இந்தக் கேள்வியைப் பட ரசிகர்களுக்கு வெகுகாலம் முன்பே தர்க்கவாதிகள் கேட்டுவிட்டார்கள். பொருள் ஒவ்வொன்றும் கணந்தோறும் அழிகிறது, அடுத்த கணத்தில் இருப்பது வேறொன்று என்றது பௌத்தம். ‘மிலிந்த பஞ்ஹ’ நூலில் நாகசேனர் மன்னன் மிலிந்தனுக்கு விளக்குச் சுடரைக் காட்டி இதை விளக்குகிறார்: முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைசிச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல. நொடிக்கு 24 அசையாப் படங்களை ஓட்டி அசைவு என்று நம்மை நம்பவைக்கும் சினிமா, இந்தக் கணபங்கவாதத்துக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல எடுத்துக்காட்டு. நாகசேனருக்குத்தான் அது கிடைக்காமல் போயிற்று.

நியாயம் என்ற தர்க்க மரபினர் விடவில்லை. மிதிலையைச் சேர்ந்த உதயனர் ‘ஆத்மதத்துவவிவேகம்’ என்று ஒரு நூலையே பௌத்தர்களுக்கு எதிராக எழுதினார். “இது அதே பானைதான்” என்று நாம் அடையாளம் கண்டுகொள்கிறோமே, அந்த அறிவைத் தள்ளிவிட முடியாது என்பது அவர்கள் கட்சி. பௌத்தர்கள் கையில் தயாராக ஒரு பதில் இருந்தது: வெட்டிய நகம் மீண்டும் வளர்ந்தால் அதையும்தான் ‘அதே நகம்’ என்கிறீர்கள். நியாயவாதி சொல்வார்: அங்கே வெட்டு விழுந்தது எனக்குத் தெரியும், அதனால் அந்த அடையாளம் பொய்த்துப்போகிறது, வெட்டு தெரியாத இடத்தில் அது நிற்கும்.

ப்ளூ-ரே பெட்டியின் கூடுதல் அம்சங்கள் இந்த இடத்தில்தான் வம்பு செய்கின்றன. ஒரு தட்டில் படம். வெட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்கா துர்காவும் தம்பி அபுவும் ரயில் பார்க்க நாணல் பூக்களுக்கு நடுவே ஓடும்போது எந்த ஃபிரேம் கருகிய சுருளிலிருந்து வந்தது, எது வேறு நாட்டுப் பிரதியிலிருந்து வந்தது என்று பழகிய கண்ணாலும் சொல்ல முடியாது. அதே பெட்டியில் இயக்குநர் கோகொனாடா எடுத்த சீரமைப்புக் குறும்படம் இருக்கிறது. கருகிய ஓரங்களையும், ஓட்டை அடைக்கும் கைகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. வெட்டு விழுந்ததற்குச் சாட்சியை விற்பவரே சேர்த்துக் கொடுக்கிறார். நியாயவாதி சொன்ன விதிப்படி, குறும்படத்தைப் பார்த்த பிறகு ‘அதே படம்’ என்ற அறிவு உடைந்துபோக வேண்டும். உடையவில்லை. பார்த்தவர் திரும்பப் போய் ‘பதேர் பாஞ்சாலி’யைத்தான் பார்க்கிறார்.

ஒடிசாவில் இதற்கு வேறொரு தீர்வு உண்டு. பூரி ஜகந்நாதருக்கு 2015இல் நவகளேபரம் நடந்தது. அபு திரும்பி வந்த அதே ஆண்டு. வேப்ப மரத்தில் புதுத் திருமேனிகள் செய்து, நள்ளிரவில் கண்ணைக் கட்டிக்கொண்ட தயிதாபதிகள் என்ற கோயில் சேவகர்கள் பழைய மேனியிலிருந்து ‘பிரம்ம பதார்த்த’த்தை எடுத்துப் புதியதில் வைக்கிறார்கள். அது என்ன என்று யாரும் பார்த்ததில்லை. பழைய மேனிகள் கோயில் வளாகத்திலேயே கோய்லி வைகுண்டத்தில் புதைக்கப்படும். மரம் மாறும், சுவாமி மாறுவதில்லை. ஏதோ ஒன்று கை மாறியிருக்கிறது. ‘அபராஜிதோ’வுக்கு இந்த விளக்கம் ஓரளவு பொருந்தும், மூலத்திலிருந்து பாதிக்கு மேல் கை மாறியிருக்கிறதே. ‘அபுர் சன்சார்’ விஷயத்தில் மாற்றி வைக்க எதுவுமே இல்லை. (உருவ வழிபாட்டை மறுத்த பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர் ராய். தன் பிம்பங்களுக்கு இவ்வளவு சடங்கா என்று அவர் சிரித்திருக்கக்கூடும்.)

நியாயம் ‘சாதி’ என்று அழைக்கும் பொதுத்தன்மையைப் பிடித்துக்கொள்ளலாமா? அதன்படி ஒரு பசு செத்தாலும் பசுத்தன்மை சாவதில்லை. படம் என்பது அந்தப் பொதுத்தன்மை, பிரதிகள் தனித்தனிப் பசுக்கள் என்றால் சிக்கல் தீர்ந்தது. ஆனால் தீர்வு அளவுக்கு மீறிப் போகிறது: அப்படியானால் லண்டன் தீயில் எதுவுமே எரியவில்லை என்றாகும். எரிந்தது. பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது சாம்பல் நிறத்தின் நுண்ணிய படிகள் கரையும், நிழலுக்குள் இருக்கும் முகம் கறுத்துவிடும். ‘அபராஜிதோ’வில் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா துணியில் ஒளியைத் தெறிக்கவிட்டுக் காசி வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்த அந்த மெல்லிய பகல் வெளிச்சம் பழைய பிரதிகள் பலவற்றில் வெறும் மங்கலாகவே தெரிந்தது.

ஆக, எரிந்தது படம் அல்ல, படத்துக்கான பிரமாணம். மித்ராவின் கேமரா என்ன கண்டது என்பதற்கு இருந்த முதல் சாட்சி. பிரதிகள் கேட்டுச் சொல்லும் சாட்சிகள். அவற்றையும் ஏற்கலாம், ஆனால் முரண்பாடு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்க மித்ராவும் இல்லை, 2001இல் இறந்துவிட்டார். அந்த ப்ளூ-ரே பெட்டியில் இருக்கும் 1958ஆம் ஆண்டு ஒலிப்பதிவில் ராய் தன் கட்டுரையைத் தானே வாசிக்கிறார். இனிய, நிதானமான குரல். ஆனால் எந்தக் காட்சி எவ்வளவு இருட்டாக இருக்க வேண்டும் என்று அந்தக் குரல் தீர்ப்புச் சொல்லாது.

இயக்குநர் உயிரோடு இருந்தால் தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஹாங்காங் இயக்குநர் வொங் கார்-வாய் தன் படங்களைத் தானே மேற்பார்த்துச் சீரமைத்தார். 2021இல் க்ரைட்டீரியன் பெட்டியாக வந்தது. ‘இன் தி மூட் ஃபார் லவ்’ பச்சை ஏறியிருந்தது. ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ அகலத்திரை வடிவத்துக்கு மாறியிருந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்ற பழைய கிரேக்கக் கருத்தைச் சொல்லி, இவற்றைப் புதிய படைப்பாகவே அளிக்கிறேன் என்றார் அவர். பௌத்தர்கள் கட்சிக்கு ஓர் இயக்குநரின் ஓட்டு. படைத்தவரின் வாக்கை ஆப்தவாக்கியமாக, அதாவது நம்பத்தக்கவர் சொல்லாக, எடுத்துக்கொண்டால் ரசிகர்கள் தோற்றார்கள். நெகட்டிவே பெரிய சாட்சி என்றால் வொங்கும் ஒரு கட்சிக்காரர்தான். இறந்துபோன ராயின் படங்கள் உயிரோடிருக்கும் வொங்கின் படங்களைவிட மூலத்துக்கு நெருக்கமாக வந்தன என்பதைப் பார்த்தால், இரண்டாவது கட்சியில் வலு இருக்கிறது.

அப்படியானால் ஸ்கேன் முடிந்ததும் கருகிய சுருள்களை என்ன செய்வது? பூரியில் புதைப்பது சரி, பதார்த்தம் முழுமையாக மாறிவிட்டது என்பது அங்கே நம்பிக்கை. பொலோன்யாவில் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், அவ்வளவே. 1993இல் அந்தச் சாம்பலிலிருந்து எதையும் மீட்க முடியும் என்று எந்தச் சீரமைப்புக்கூடமும் சொல்லவில்லை, 2013இல் ஒன்று சொன்னது. ‘அபுர் சன்சார்’ படத்தின் உதவாத இரண்டு சுருள்களிடம் இன்னொரு கூடம் இன்னொரு கேள்வி கேட்கலாம்.